குதிரைக்கும் முதுகு வலிக்கும்!

ஊட்டிக்குப் போனால் குழந்தையைக் குதிரையில் ஏற்றி ஒரு ரவுண்டு விடாமல் வர மாட்டோம். ஏறி உட்கார்ந்ததும் குழந்தை என்ன செய்யும்? தோளைத் தூக்கிக்கொள்ளும். மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சேணத்தின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொள்ளும். "பயப்படாத கண்ணு, லூஸா உக்காரு" என்பார் குதிரைக்காரர். குழந்தையின் பயத்தைப் போக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். அந்த வார்த்தையால் குதிரைக்கும் நன்மைதான். எப்படி என்று இந்த வாரம் பார்க்கலாம்.

குதிரையின் மேல் ஒரு ஈ உட்காரட்டும், அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டிவிடும். ஒரு ஈ உட்கார்ந்தாலே தெரிந்துகொள்ளும் உடம்பு அது. அதன் மேல் அறுபது கிலோ ஆள் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்தால் அதற்குத் தெரியாமலா போகும்?

இன்னொரு விஷயம். நமக்கு இருப்பதுபோல் குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் முன்னங்கால்களை உடம்போடு இணைப்பது தசைகளும் நார்களும்தான். அவை தூளிபோல நெஞ்சுக்கூட்டைத் தாங்குகின்றன. உடல் எடையில் பாதிக்கு மேல் இந்த முன்பக்கத்தில்தான் இறங்குகிறது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே முதுகு ஒரு பாலம். நாம் போய் உட்காருவது அந்தப் பாலத்தின் மேல். அது தொய்ந்துபோகாமல் இருக்க வயிற்றுத் தசையும், முதுகெலும்பை ஒட்டியிருக்கும் உள்தசையும் பலமாக இருக்க வேண்டும்.

வலித்தால் குதிரை வாய்விட்டுச் சொல்லாது. காதைப் பின்னால் மடக்கும். சேணம் போட வந்தால் கடிக்கப் பார்க்கும். ஏறவிடாமல் திமிறும். நாமோ "திமிர் பிடிச்ச குதிரை" என்று பெயர் வைத்துவிடுவோம். வலிக்குப் பதிலாக அடிதான் கிடைக்கும்.

முதுகு வளைந்த டீச்சர்

இதைப் புரியவைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த சாலி ஸ்விஃப்ட். 1913-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதைச் சமாளிப்பதற்காகத் தன் உடம்பு எங்கே இறுகுகிறது, எங்கே சாய்கிறது என்று ஆயுள் முழுக்கக் கவனித்து வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அறுபது வயதைத் தாண்டி, கற்றதையெல்லாம் சவாரி செய்பவர்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். 1985-ல் வந்த அவருடைய 'சென்டர்டு ரைடிங்' புத்தகம் உலகம் முழுக்கக் குதிரைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது.

அவர் சொன்னவை நான்கே விஷயங்கள். ஒன்று, பார்வை. எதையும் முறைத்துப் பார்க்காமல், சுற்றிலும் இருப்பது தெரியும்படி கண்ணைத் தளர்த்திப் பார்ப்பது. இரண்டு, மூச்சு. வயிறு வரை இறங்கும் மூச்சு. மூன்று, மையம். உடம்பின் பாரத்தை அடிவயிற்றில் உணர்வது. நான்கு, அடுக்கு. பாதம், இடுப்பு, தோள், தலை ஆகியவை சிறுபிள்ளைகளின் மரக்கட்டைகள்போல ஒன்றின் மேல் ஒன்று நிற்பது.

யோகா வகுப்புக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய பாடமாகத் தோன்றும். தாடாசனத்தில் நிற்கும்போது டீச்சர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதானே! இன்று வெளிநாடுகளில் சவாரி பழகுகிறவர்களுக்கென்றே யோகா வகுப்புகள் நடக்கின்றன. இடுப்பை இளக்க பத்தகோணாசனம், முதுகை இளக்க பூனைபோல வளைந்து நிமிரும் மார்ஜாரி ஆசனம், கூடவே மூச்சுப் பயிற்சி. இடுப்பு இறுகியிருந்தால் அது குதிரையின் நடையோடு சேர்ந்து அசையாது. ஒவ்வொரு அடிக்கும் குதிரையின் முதுகில் 'தொம் தொம்' என்று மோதும்.

கால் பேசாவிட்டாலும்

டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் 1944-ல் கர்ப்பிணியாக இருந்தபோது போலியோவால் பாதிக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே இயக்கம் போய்விட்டது. குதிரைக்குக் கட்டளை சொல்வதே காலால்தான் என்பார்கள். அவர் விடவில்லை. இடுப்பின் அசைவாலும் உடல் பாரத்தாலும் குதிரையோடு பேசப் பழகினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் போட்டியில், 'ஜூபிலி' என்ற குதிரையில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குத் துணை வேண்டியிருந்தது. பதக்க மேடையில் ஏற அவருக்குக் கை கொடுத்தவர், தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர். நான்கு வருடம் கழித்து அடுத்த ஒலிம்பிக்கிலும் அவருக்கு வெள்ளி கிடைத்தது.

அவர் இடுப்பால் சொன்னதை ஜூபிலி புரிந்துகொண்டது. அப்படியென்றால், நாம் சொல்ல நினைக்காததும், அதாவது நம் பயமும் விறைப்பும், குதிரைக்குப் போய்ச் சேரத்தானே செய்யும்?

கேரட் யோகா

சரி, குதிரைக்கு யோகா எப்படி? பாய் விரிக்க முடியாது. ஒரு கேரட் போதும். குதிரையை நேராக நிற்க வைத்து, கேரட்டை மெதுவாக நகர்த்துவார்கள். முதலில் நெஞ்சுக்கு, பிறகு முழங்கால்களுக்கு நடுவே, பிறகு பக்கவாட்டில் விலாவுக்கும் இடுப்புக்கும். குதிரை தானாகவே கழுத்தை வளைத்து, சில விநாடி அப்படியே நிற்கும். அதோடு கேரட் வாய்க்குள் போய்விடும். யாரும் இழுப்பதில்லை, எட்டுகிற அளவு எட்டினால் போதும்.

பார்க்க விளையாட்டுபோல இருக்கும். ஆனால், 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் எட்டுக் குதிரைகளுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் மூன்று மாதம் இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பை ஒட்டிய உள்தசை பருமனாகியிருந்தது. பாலத்தைத் தாங்கும் தசை என்று சொன்னேனே, அதுதான்.

தொடுவதிலும் வைத்தியம் உண்டு. கனடாவில் பிறந்த லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ், மனிதர்களுக்கான ஃபெல்டன்கிரைஸ் உடலியக்கப் பயிற்சியை 1970-களில் கற்று, அதைக் குதிரைகளிடம் கொண்டுபோனார். விரல் நுனிகளால், தோல் மட்டும் நகரும் அளவு மென்மையாக, ஒன்றேகால் சுற்று வட்டம். பிறகு வேறு இடம். பிடித்திருந்தால் குதிரையின் தலை தாழும், கண் பாதி மூடும், வாய் சும்மா மெல்லும், நீளமாக ஒரு மூச்சு வரும்.

ஒன்றை மறக்கக் கூடாது. குதிரை நொண்டினாலோ, தொட்டதும் சுருங்கினாலோ முதலில் கால்நடை மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும். சேணம் பொருந்துகிறதா, குளம்பும் பல்லும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மசாஜும் நீட்டலும் அதற்குப் பிறகுதான்.

நாற்காலியே குதிரை

'நம்மிடம் ஏது குதிரை' என்கிறீர்களா? நாற்காலி இருக்கிறதே! நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் பின்பக்கத்துக்கு அடியில் வையுங்கள். இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். எந்தக் கை அதிகம் நசுங்குகிறது? பலருக்கு ஒரு பக்கம் அதிகமாகத்தான் இருக்கும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைப்பவர்கள் அதை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். கையை எடுத்துவிட்டு இரண்டு முனைகளிலும் சமமாக உட்காருங்கள். கண்ணைத் தளர்த்தி, அடிவயிறு வரை ஐந்து முறை மூச்சு விடுங்கள். தினமும் இரண்டு நிமிடம் போதும்.

அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது, குழந்தையை ஏற்றுவதற்கு முன்னால் குதிரையையும் ஒரு பார்வை பாருங்கள். முதுகில் புண் இருந்தாலோ, நொண்டினாலோ, சேணத்தைக் கண்டதும் காதை மடக்கினாலோ, அன்றைக்குச் சவாரி வேண்டாம். எல்லாம் நன்றாக இருந்தால் குழந்தையிடம் சொல்லுங்கள்: "முதல்ல நல்லா மூச்சு விடு கண்ணு. நீ மூச்சு விட்டாத்தான் குதிரையும் நிம்மதியா நடக்கும்."