அரைக்கால் நகரமும் முழுக் கம்பியும்

மத்திய மின்துறை அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட மின்சாரத் திருத்த மசோதாவின் வரைவு, ஒரே ஊரில் பல நிறுவனங்கள் ஒரே கம்பி வழியாக மின்சாரம் விற்க வழி செய்கிறது. கம்பியை வைத்திருப்பவருக்குக் கூலி கொடுத்தால் போதும். இதைச் சீர்திருத்தம் என்று கொண்டாடுகிறவர்கள் ஒருமுறை திருச்சூருக்குப் போய்வர வேண்டும்.

கேரளத்தில் மின்சாரம் விற்கும் ஒரே உள்ளாட்சி திருச்சூர் மாநகராட்சிதான். அதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 1936-இல் கொச்சி திவானாக இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், நகரின் மின்விநியோகத்தைத் தனியார் கம்பெனிக்குக் கொடுக்க முடிவு செய்தார். டாக்டர் ஏ.ஆர். மேனன், இக்கண்ட வாரியர், சி.ஆர். இய்யுண்ணி ஆகியோர் தலைமையில் ஊரே எதிர்த்து நின்றது. அப்போது கம்பெனிதான் வென்றது. பின்னாளில் விநியோகம் நகராட்சியின் கைக்கு வந்தது.

இங்கேதான் நான் பல வருடங்களாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவரும் கணக்கு வருகிறது. 2000-இல் ஒல்லூர், அய்யந்தோள் போன்ற பஞ்சாயத்துகளைச் சேர்த்து மாநகராட்சி உருவானபோது அதன் பரப்பு 101.42 சதுர கிலோமீட்டர். ஆனால் மாநகராட்சியின் மின்துறை பழைய நகராட்சி எல்லையான 12.65 சதுர கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட எட்டில் ஒன்று. நம் பாட்டிகள் வாய்ப்பாட்டில் ‘அரைக்கால்’ என்பார்களே, அதுதான். அந்த அரைக்காலில் என்ன இருக்கிறது? தேக்கின்காடு மைதானத்தைச் சுற்றிய ஸ்வராஜ் ரவுண்ட் இருக்கிறது. நகைக்கடையும் ஜவுளிக்கடையும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நாலு அடி கம்பிக்கு ஒரு மீட்டர், அதுவும் வணிகக் கட்டண மீட்டர். மீதி முழுவதும் மாநில மின்வாரியத்தின் பொறுப்பு. அதே மின்வாரியம்தான் அட்டப்பாடி ஊர்களில் நாலைந்து விளக்குகளுக்காகக் காட்டு வழியே கிலோமீட்டர் கணக்கில் கம்பி இழுக்கிறது.

திருச்சூர் மட்டுமல்ல. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க், மூணாறில் கண்ணன் தேவன் கம்பெனி, கொச்சித் துறைமுகம் எனச் சிறு உரிமதாரர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் வசதியான ஓர் அரைக்கால்.

இவ்வளவுக்கும் பிறகு கேரளம் குலையாமல் இருப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு. மாநிலம் முழுக்க வீட்டுக்கும் கடைக்கும் விலைப்பட்டியல் ஒன்றே. ஆனால் சிறு உரிமதாரர்கள் மின்வாரியத்திடம் வாங்கும் மொத்த விலை ஆளுக்கு ஆள் வேறு. லாபம் மிகும் இடத்தில் கொள்முதல் விலையும் ஏறும். திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் உட்கார்ந்து மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போடும் இந்தக் கணக்கு, ஸ்வராஜ் ரவுண்டின் உபரியைப் பொதுக்கிணற்றுக்குத் திருப்பிவிடுகிறது.

குறை இல்லாமலில்லை. அந்த மொத்த விலை டிமாண்ட் சார்ஜ், யூனிட் விலை என்று இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. உயரழுத்தக் கம்பிக்கு எவ்வளவு என்பது அதற்குள் கரைந்து போகிறது. 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்த புகளூர்–திருச்சூர் நேர்மின் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 5,070 கோடி ரூபாய்ச் செலவு, 2,000 மெகாவாட் திறன். அந்தப் பாதை திருச்சூர் நகரின் பக்கத்திலேயே வந்து முடிகிறது. மாநிலங்களுக்கிடையிலான கம்பிகளுக்கு மாதாமாதம் வரும் பில்லோ திருவனந்தபுரம் பட்டத்தில் இருக்கும் மின்வாரியத் தலைமையகமான வைத்யுதி பவனத்துக்குப் போகிறது. அதில் திருச்சூரின் பங்கு எவ்வளவு என்று மாநகராட்சியின் பில்லில் தேடினால் கிடைக்காது.

மகாராஷ்டிரத்தில் இந்த மறைப்பு இல்லை. மாநிலக் கம்பிகளின் மொத்தச் செலவை உச்சத் தேவையில் அவரவருக்குள்ள பங்குப்படி பிரிக்கிறார்கள். மும்பை மாநகராட்சியின் பெஸ்ட் நிறுவனமும் தன் பங்கைக் கட்டுகிறது. அதுதான் நியாயமான அளவுகோல். கம்பியின் பருமனைத் தீர்மானிப்பது மே மாதத்து ராத்திரியில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் அந்த ஒரு மணி நேரம். 2024 மே மாதம் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த ராத்திரிக்காகத்தான் கோபுரங்கள் நிற்கின்றன.

செல்போனில் போட்டி வந்து விலை குறையவில்லையா என்று மசோதாவின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். செல்போன் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை உண்டு. இங்கே கம்பி ஒன்றே. போட்டி கம்பியில் இல்லை, நல்ல வாடிக்கையாளரைப் பொறுக்கி எடுப்பதில்தான். மும்பையில் 2009 முதல் ரிலையன்ஸின் கம்பி வழியே டாடா விற்றபோது, கம்பிக் கூலியும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணமும் தீராத வழக்குகளாயின. அது பெருநிறுவனங்கள் இரண்டின் சண்டை, தாங்கினார்கள். நம் மின்வாரியம் எதைக் கொண்டு தாங்கும்? மற்றவர்களின் கட்டணம் குறைய ஆலைகளும் ரயிலும் சுமக்கும் குறுக்கு மானியத்தை ஐந்தே ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்றும் அதே வரைவு சொல்கிறது. புதிதாக வருகிறவன் அட்டப்பாடிக்குப் போகமாட்டான். ஊருக்கு ஊர் அரைக்காலைத்தான் கேட்பான். முக்காலே அரைக்காலும் நம் தலையில் விழும்.

திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெருவின் பழைய வீடுகளில் பலவற்றில் இன்று வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை எடுத்துக்கொண்டு வந்து, “எதுக்குடா இவ்வளவு ஏறியிருக்கு?” என்று கேட்கிறார்கள். நிலைக்கட்டணம், யூனிட் கட்டணம், எரிபொருள் சர்சார்ஜ், வரி எல்லாம் அதில் இருக்கின்றன. கம்பிக்கு எவ்வளவு என்று மட்டும் இல்லை. அதை அவர்களுக்குச் சொல்லத் தெரியாத ஒரு நாடு, அந்தக் கம்பியை யாருக்கும் பங்குபோட்டுக் கொடுக்கக் கூடாது. மத்திய அரசு மசோதாவை முழுவதுமாகத் திரும்பப் பெறட்டும். வெள்ளையம்பலத்தில் இருப்பவர்கள் அடுத்த கட்டண உத்தரவிலேயே, திருச்சூர் முதல் டெக்னோபார்க் வரை ஒவ்வொருவரின் உச்சத் தேவைப் பங்கையும் கம்பிச் செலவையும் தனி வரியாக அச்சிடட்டும்.