தைப்பூசம் முடிந்த பிறகும் தண்ணீர்

ஜப்பானின் ஷிகொகு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரைப் பாதை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கூகாய் என்ற துறவியின் (774–835) அடிச்சுவட்டில் நடப்பதாக நம்பிக்கை. பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதில் தொகுஷிமா மாகாணத்தின் 23 கோயில்களை மட்டும் நடந்தேன்.

நெல்வயல்களுக்கு நடுவே போகும் சாலையில், நம்மூர் குட்டி யானை அளவிலான வண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. இறங்கி வந்த பாட்டிக்கு என்னைவிட வயது அதிகம். இரண்டு ஆரஞ்சுப் பழங்களையும் ஒரு 500 யென் நாணயத்தையும் என் கையில் வைத்து மூடினார். இதை ஒசெத்தாய் என்பார்கள். மறுக்கக் கூடாது என்பது பாதையின் வழக்கம். பதிலுக்குப் பணம் தருவது தகாது. நம் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு ஒன்றைத் தரலாம். நடக்க முடியாதவர், நடப்பவருக்குக் கொடுப்பதன் மூலம் தானும் அந்த யாத்திரையில் சேர்ந்துகொள்கிறார். சீட்டில் ‘சிங்கம்புணரி’ என்று எழுதிக் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கி நெற்றிக்கு உயர்த்தினார். நான் சொன்ன நன்றியைவிட அவர் சொன்னதே அதிகம்.

வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள், ‘அந்த ஊர்க்காரர்கள் பிறவியிலேயே நல்லவர்கள்’ என்பார்கள். நான் ஏற்கவில்லை. இதே பாதையின் ஓய்வுக் குடில்களில் 2014இல் கொரியர்களுக்கு எதிரான ஸ்டிக்கர்களை யாரோ ஒட்டினார்கள். இரக்கம் அங்கே ரத்தத்தில் ஓடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஷோசான்ஜி கோயிலிலிருந்து இறங்கும் வழியில் எமோன் சபுரோ என்பவரின் சமாதி இருக்கிறது. பிச்சை கேட்டு வந்த துறவியை விரட்டி, அவரது திருவோட்டை உடைத்த பணக்காரர் அவர். எட்டுப் பிள்ளைகளையும் இழந்தபின், மன்னிப்புக் கேட்க அந்தத் துறவியைத் தேடித் தீவைச் சுற்றிச் சுற்றி நடந்தாராம். பாதையின் முதல் யாத்ரீகர் என்று கதை சொல்வது அவரைத்தான். எஹிமே மாகாணத்தில் ஒரு பாலம் உண்டு. ஊரில் எவரும் இடம் தராததால் கூகாய் அதன் அடியில் குளிரில் படுத்த இரவு, பத்து இரவுகளாக நீண்டதாம். அவர் தூக்கம் கலையக் கூடாதென்று இன்றும் யாத்ரீகர்கள் எந்தப் பாலத்திலும் கைத்தடியை ஊன்றுவதில்லை. வந்தவரை விரட்டிய அவமானத்தை மறைக்காமல், அதையே பாடமாக வைத்திருக்கும் ஊர்கள் இவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாத்ரீகரின் வெள்ளை அங்கியைத் துவைத்துக் காயப்போட்ட நாளில், சாதாரண உடுப்பில் பாதையோர ஊர் ஒன்றைச் சுற்றினேன். வண்டி எதுவும் நிற்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நாங்களும் அப்படித்தானே இருக்கிறோம்?

குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் போகும் காவடிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் செல்லும். தை மாதத்தில் வாசலுக்கு வாசல் மோர், பானகம். முன்பின் தெரியாதவரை உட்காரவைத்துக் காலுக்குத் தைலம் தேய்த்துவிடும் ஆச்சிகளைப் பார்த்திருக்கிறேன். அதே வாசலில், சித்திரை வெயிலில், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் காலி பாட்டிலுடன் நின்றால், “யாருப்பா, என்ன வேணும்?” என்ற கேள்வி கதவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. காவடி தோளில் இருந்தால் விருந்தாளி, சிமெண்ட் சட்டி தலையில் இருந்தால் சந்தேகம் என்பது எனக்கு ஒப்பவில்லை. இருவருமே ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள். இரண்டாமவனுக்குத் திரும்பும் தேதிகூடத் தெரியாது.

கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. சில நாட்களுக்குள் அதைச் சுருக்கி வைத்திருக்கிறோம். தைப்பூசம் முடிந்ததும் தண்ணீர்ப் பந்தலைப் பிரிக்கட்டும். பானையையும் பெஞ்சையும் வருடம் முழுக்க விட்டுவைக்கலாம். செலவு பெரிதில்லை, நாள்தோறும் தண்ணீர் மாற்ற ஆள்தான் வேண்டும். எங்கள் தெருவில் கேட்டேன். முறை வைத்து மாற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். ‘யாரும் குடிக்கலாம்’ என்ற பலகையைத் தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும் எழுதித் தரும்படி, பேருந்து நிலைய ஓட்டலில் வேலை பார்க்கும் பையனிடம் சொல்லியிருக்கிறேன்.