வீட்டுக்கு இரண்டு வாளி!
எட்டயபுரத்துக் குப்பையும் கரிசல் காட்டு உரமும்

அடுப்படியில் இருக்கும் தீப்பெட்டியை எடுங்கள். குச்சிகளைக் கொட்டிவிட்டு, பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்.

வெளிப்பக்கம் படமும் வர்ணமும் பளிச்சென்று இருக்கும். உள்பக்கம்? மங்கலான சாம்பல் நிறம்.

அந்தச் சாம்பல் நிறம் எங்கே இருந்து வந்தது, தெரியுமா? பழைய காகிதத்தில் இருந்து!

பிள்ளைகள் எழுதித் தீர்த்த நோட்டு, படித்து முடித்த பத்திரிகை, மளிகைக் கடை அட்டைப்பெட்டி எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அங்கே இருந்து காகித ஆலைக்குப் போகின்றன. தண்ணீரில் ஊறிக் கூழாகி, மறுபடியும் அட்டையாக வெளியே வருகின்றன. அந்த அட்டையில் தீப்பெட்டி செய்கிறார்கள்.

எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி வேலையை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் ஏராளம். நாம் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்ட காகிதம் அந்தத் தாய்மார்களின் கைக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கே இருந்து நம் வீட்டு அடுப்படிக்கே திரும்பி வருகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் காகிதம் காய்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். பழைய சாம்பாரில் ஊறிப்போன காகிதத்தை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார்.

குப்பை விஷயத்தில் உள்ள சங்கதி முழுவதும் இதில் அடங்கி இருக்கிறது. ஈரமும் காய்ந்ததும் ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டும் கெட்டது. தனித்தனியாக இருந்தால் ஒன்று உரம், மற்றொன்று காசு.

கொல்லையில் இருந்த குழி

இது யாரோ வெளிநாட்டுக்காரர் வந்து சொல்லிக் கொடுத்த வித்தை அல்ல.

கரிசல் காட்டு வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஒரு குப்பைக்குழி இருந்தது. சாணம், சாம்பல், மாடு தின்று கழித்த தட்டை, காய்கறித் தோல் எல்லாம் அதற்குள் போகும். மழைக்கு முன்னால் வண்டி கட்டி, அள்ளிக்கொண்டு போய்ப் புஞ்சையில் கொட்டுவார்கள். ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு நிலத்தில் கிடை போடுவதும் உண்டு. ஆட்டுப் புழுக்கையைப் போல உரம் வருமா?

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற ஞாபகம் தாத்தா, பாட்டிகளுக்கு இருக்கும். கிழிந்த வேட்டி கரித்துணி ஆகும். கரித்துணியும் நைந்து போனால் விளக்குத் திரி ஆகும்.

அப்போதும் குப்பை இருந்தது. ஆனால் வீணாகவில்லை. ஏன்? குழிக்குள் போனது எல்லாம் மக்கிப் போகும் சரக்கு.

பிறகு பாலிதீன் பை வந்தது.

ஒரு பிடி பாலிதீன் போதும், ஒரு வண்டி உரத்தைக் கெடுத்துவிடும். மண்ணுக்குள் அது போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் இறங்காது. வேர் ஓடாது. எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மானாவாரி நிலம் அதிகம். உளுந்து, பாசி, சோளம், பருத்தி, மிளகாய் எல்லாம் வானத்தைப் பார்த்து விளைகின்றன. வருஷத்தில் கொஞ்ச நாள் பெய்யும் மழை மண்ணில் இறங்கவில்லை என்றால் சம்சாரி என்ன செய்வார்? அதனால் ஊர்க் குப்பையை இலவசமாகக் கொடுத்தாலும் அவர் வேண்டாம் என்கிறார். அவர் மேல் குற்றம் இல்லை.

ஆடிக்காற்று அடிக்கும்போது பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்துச் சீமைக் கருவேல முள் எல்லாம் பை பூத்திருக்கும்!

மாட்டு வயிற்றில் 52 கிலோ!

எட்டயபுரம் என்றதும் பாரதி பிறந்த ஊர் என்பார்கள். ஆட்டு வியாபாரிகளைக் கேட்டால் சனிக்கிழமைச் சந்தை என்பார்கள். தீபாவளி, பக்ரீத் சமயத்தில் வெளிமாவட்ட வியாபாரிகள் எல்லாம் வந்து கூடும் பெரிய சந்தை. ஆடும் மாடும் இந்த வட்டாரத்தின் சொத்து.

அந்தச் சொத்துக்குத் தெருக் குப்பை எமனாக நிற்கிறது.

மிச்சச் சோற்றைப் பையில் கட்டி, முடிச்சுப் போட்டு வீசுகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுமா? சோற்று வாசனைக்குப் பையோடு விழுங்குகிறது. சோறு செரிக்கும். பை செரிக்காது. வெளியேயும் வராது. ஒன்றன் மேல் ஒன்றாக இரைப்பையில் திரண்டு உருண்டை ஆகிறது. வயிறு நிறைந்திருப்பதால் மாடு தீனி தின்னாது. இளைத்துக்கொண்டே போகும்.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு பசு வந்தது. டாக்டர்கள் மணிக்கணக்கில் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றில் இருந்து வெளியே எடுத்த பிளாஸ்டிக்கின் எடை 52 கிலோ! கிட்டத்தட்ட ஓர் ஆள் எடை.

கடலுக்கும் இதே கதிதான். தூத்துக்குடியை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் இருக்கின்றன. 1986-ல் அதைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். முத்துக் குளித்த கடல், இன்றைக்கும் சங்கு குளிக்கும் கடல். மிதக்கும் பையைச் சொறி மீன் என்று நினைத்து ஆமை விழுங்குகிறது. மாட்டுக்குச் சோற்று ஆசை. ஆமைக்கு மீன் ஆசை. இரண்டுக்கும் எமன் ஒன்றே.

"வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?"

மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான வீட்டுக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பை, தட்டு, டம்ளர் போன்ற 14 வகைப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது.

விதிக்குக் குறைச்சல் இல்லை. பிறகு ஏன் தெருவில் பை பறக்கிறது?

எந்த ஊர்த் தாய்மாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நாங்கள் பிரித்துத்தான் கொடுத்தோம். வண்டியில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டார்கள். மறுநாளில் இருந்து நாங்களும் விட்டுவிட்டோம்."

இந்தக் கேள்வி நியாயமானது. வீட்டில் பத்து நிமிஷம் மெனக்கெட்டுப் பிரித்ததை, வாசலில் பத்து வினாடியில் கலக்கினால் யாருக்குத்தான் மனம் வரும்? வண்டியில் தடுப்பு வேண்டும். ஈரக் குப்பைக்கு ஓர் அறை, காய்ந்த குப்பைக்கு ஓர் அறை. அது பேரூராட்சி, நகராட்சிகளின் பொறுப்பு. தடுப்பு இல்லாத வண்டி வந்தால் 'ஏன் இல்லை?' என்று வார்டு உறுப்பினரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தள்ளுகிற தொழிலாளியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வண்டியை வாங்கியவர் அவர் அல்ல.

அதே சமயம் அந்தத் தொழிலாளியின் கைகளையும் நினைக்க வேண்டும். நாம் கலந்து போட்டதைக் கையால் கிளறிப் பிரிப்பவர் அவர். சோற்றுக்குள் பிளேடு கிடக்கும். கண்ணாடித் துண்டு கிடக்கும். ஊசி கிடக்கும். நமக்குப் பத்து நிமிஷ வேலை, அவருக்கு ரத்தக் காயம்.

பம்மல் பெண்கள் செய்த வேலை

சென்னைக்குப் பக்கத்தில் பம்மல் என்று ஓர் ஊர். இப்போது தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்திருக்கிறது.

1994-ல் அங்கே சங்கரா நகரில் சில குடும்பப் பெண்கள் ஒன்றுகூடினார்கள். மங்களம் பாலசுப்பிரமணியன் என்ற அம்மையார் முன் நின்றார். தெருக் குப்பையைக் கண்டு முகம் சுளித்துச் சுளித்து அலுத்துப்போனவர்கள் அவர்கள். மகளிர் மன்றம் அமைத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பிரித்துத் தரச் சொன்னார்கள். வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை வசூலித்து, வண்டிக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஈரக் குப்பையை மண்புழு உரமாக்கி விற்றார்கள்.

முதலில் சிரித்தவர்கள் உண்டு. பிறகு பக்கத்துத் தெருக்காரர்கள், "எங்கள் தெருவுக்கும் வாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். ஒரு தெருவில் ஆரம்பித்த வேலை ஊர் முழுக்கப் பரவியது.

கேரளத்து ஆலப்புழையில் நடந்தது வேறு மாதிரி. நகரத்துக் குப்பையை எல்லாம் சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டினார்கள். நாற்றம் தாங்காமல் கிராமத்து மக்கள் 2012-ல் லாரிகளை மறித்துவிட்டார்கள். நகரத்துத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. வேறு வழி இல்லாமல், வீட்டிலேயும் தெருமுனையிலேயும் உரமாக்கத் தொடங்கினார்கள். ஐந்தே வருஷம்! 2017-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையைச் சரியாகக் கையாளும் உலக நகரங்கள் ஐந்தில் ஒன்றாக ஆலப்புழையைச் சொன்னது.

அதே 2017-ல் கொழும்பில் நடந்தது இதற்கு நேர் எதிர். மீதொட்டமுல்லை என்ற இடத்தில் வருஷக்கணக்கில் கொட்டிய குப்பை மலை, ஏப்ரல் 14-ந் தேதி சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. அன்று சித்திரைப் புத்தாண்டு. பண்டிகை கொண்டாடிய வீடுகளில் 30-க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு புதைந்து போனார்கள்.

கம்பெனிக்காரருக்குப் பொறுப்பு இல்லையா?

'எல்லாப் பழியும் வீட்டுப் பெண்கள் மேல்தானா?' என்று கேட்டால், அதுவும் சரியான கேள்விதான்.

பால் பையை எடைக்கு வாங்குகிறார்கள். தண்ணீர் பாட்டிலை வாங்குகிறார்கள்; அதை உருக்கி நூலாக இழுத்துத் துணி நெய்கிறார்கள். அலுமினியத்துக்கு நல்ல விலை உண்டு. பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவில் இருந்து புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் செலவு.

ஆனால் பிள்ளைகள் தின்னும் சிப்ஸ் பொட்டலத்தை எந்தக் கடைக்காரரும் வாங்குவது இல்லை. பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னும் அந்த உறை, பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிய பல அடுக்குத் தாள். பிரிக்க முடியாது. கடைசியில் சிமெண்டு ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும். அதை மறுசுழற்சி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எரிப்பது எரிப்பதுதான்.

உறையைத் தயாரித்து விற்பவரே அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்று 2016-ல் விதி வந்தது. 2022-ல் அது இன்னும் கண்டிப்பானது. ஆனால் எந்தப் பெட்டிக்கடையிலாவது காலி உறையை வாங்கிக்கொண்டு காசு கொடுக்கிறார்களா?

கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நீலகிரியில் பார்த்தார்கள். காட்டில் வீசிய மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. ஐகோர்ட்டு தலையிட்டது. 2022 மே மாதம் முதல் ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின!

நம் ஊர்க் கோலி சோடாக்காரர் இதை எந்தக் காலத்திலோ கண்டுபிடித்துவிட்டார். தெருவில் கோலி சோடா பாட்டிலை வீசியவரை யாராவது பார்த்தது உண்டா? காலி பாட்டிலை வாங்காமல் அவர் நகரவே மாட்டார்!

நீங்கள் செய்ய வேண்டியது

இரண்டு வாளி. ஒன்று ஈரத்துக்கு, ஒன்று காய்ந்ததற்கு. பிளேடு, ஊசி, பல்பு, செத்த பேட்டரி, காலாவதி மாத்திரை, குழந்தைக்குக் கட்டிய நாப்கின் இவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியே ஓர் அட்டைப்பெட்டியில் போடுங்கள். பால் பையை ஒரு முறை அலசிக் கொடியில் காயப் போடுங்கள். ஓட்டலுக்குப் போகும்போது தூக்குவாளி எடுத்துப் போங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எரிப்பது மட்டும் கூடவே கூடாது. பிளாஸ்டிக் புகை நச்சுப் புகை. முதலில் அது எரித்தவர் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

கொல்லை இல்லாத வீட்டுக்குப் பானை உரம். பழைய மண்பானை அல்லது ஓட்டை வாளியை எடுங்கள். அடியிலும் பக்கத்திலும் துளை போடுங்கள். அடியில் தேங்காய் நார். மேலே அன்றாடம் காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு. அதற்கு மேல் ஒரு பிடி காய்ந்த சருகு. ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் இரண்டு கை அள்ளிப் போடுங்கள். சந்தை கூடும் ஊரில் அதற்கா பஞ்சம்? மூன்று நாளைக்கு ஒரு தரம் குச்சியால் கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சருகு போட்டால் நின்றுவிடும். மீன் முள், எலும்பு வேண்டாம். எலி வரும்.

ஒரு வீட்டில் நாளைக்கு அரைக் கிலோ ஈரக் குப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 180 கிலோவுக்கு மேல். நூறு வீட்டுத் தெருவில் 18 டன்! மக்கிச் சுண்டி நாலில் ஒரு பங்கு மிஞ்சினாலும் நாலரை டன் உரம். பாலிதீன் கலக்காத உரம் என்றால் சம்சாரி வண்டியோடு வாசலுக்கே வருவார்.

உரம் மக்குவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். புரட்டாசி விதைப்புக்கு வேண்டும் என்றால் ஆனி மாதமே பானையை வைத்துவிட வேண்டும்.