தீருவின் கடற்கரை



இரண்டு வாரங்களுக்கு முன் நம் வாலிபர் கூடுகையில் மகா அலெக்சாந்தரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2024 ஜனவரியில் வெளியிட்ட தொடரைச் சிலர் கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். அந்த மன்னனுக்கும் அவன் தோழன் எப்பெஸ்தியோனுக்கும் இருந்த உறவே அவர்கள் நினைவில் நின்றது. கிரேக்க நாட்டுக் கலாசார அமைச்சரே தொடரைக் கண்டித்தார் என்று ஒருவர் சொன்னார். கேலி எழுந்தது. நான் தடுக்கவில்லை, நானும் புன்னகைத்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அலெக்சாந்தர் மரித்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய புளூட்டாக்கும் அரியனும் அவ்விருவரின் நெருக்கத்தைச் சொல்கிறார்கள். அதற்குமேல் திட்டமாய்ச் சொல்லவில்லை. கி.மு. 324-ல் தோழன் இறந்தபோது மன்னன் மூன்றாம் நாள்வரை உண்ணவில்லை என்கிறார் அரியன். யோனத்தானுக்காகத் தாவீது புலம்பினதை வாசிக்கிற நமக்கு இது விளங்காததல்ல.

தானியேல் 8-ஆம் அதிகாரத்தில் வரும் வெள்ளாட்டுக்கடாவின் பெரிய கொம்பு இவனே என்பது வேத அறிஞர்களின் விளக்கம். அங்கே இவனுடைய அந்தரங்கம் பேசப்படவில்லை. எதிரி தரையிலே தள்ளி மிதிக்கப்படுவதும், கொம்பு முறிவதுமே சொல்லப்பட்டிருக்கின்றன.

கி.மு. 332-ல் ஏழு மாத முற்றுகைக்குப் பின் தீரு பட்டணத்தைப் பிடித்தவன், 2,000 பேரைக் கடற்கரை நெடுகச் சிலுவைகளில் அறைந்தான் என்று கர்ட்டியஸ் என்னும் ரோமச் சரித்திரக்காரர் எழுதுகிறார். விற்கப்பட்ட அடிமைகள் ஏறக்குறைய 30,000 பேர் என்பது அரியனின் கணக்கு. பின்பு பஞ்சாபில், மாளவ மக்களின் கோட்டையில் அவன் காயம்பட்டபோது, அவன் சேனை பெண்களையும் குழந்தைகளையும்கூடத் தப்பவிடவில்லை. அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்தபோது, தொலைக்காட்சியின் அடிவரியில் மாண்டோரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள் நாம். எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருமணத்தைக் குறித்த நம் சபையின் போதனையை அறிவீர்கள். அதை இங்கே விவாதிக்கவில்லை. ஆனால் யாரை நேசித்தான் என்பதற்காகச் சிரித்து, எத்தனை பேரைக் கொன்றான் என்பதற்காக 'மகா' என்று பட்டம் சூட்டும் அளவுகோல் வேதத்தினுடையதல்ல. நம் ஆண்டவர் அதே தீருவின் எல்லைக்குப் போனபோது, ஒரு கிரேக்கப் பெண்ணின் மகளைச் சுகமாக்கினார்.

அன்று சிரிக்காமல் எழுந்துபோன ஒருவர் உண்டு. யாரென்று ஒருவரும் விசாரிக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்டேன். வரும் ஞாயிறு கூடுகையில் தானியேல் 8-ஐ முழுவதும் வாசிப்போம். வேதாகமத்தோடு வாருங்கள்.