வர்த்தக மந்திரியும் மதுரைத் தறியும்

வர்த்தக மந்திரி என்றால் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குப் பார்ப்பவர் என்றே பலர் எண்ணுகின்றனர். நமது அபிப்பிராயம் அதுவன்று. 1947-இல் ஸ்ரீ ஸி. எச். பாபா முதன்முதல் வகித்த அப்பதவிக்கு 1952-இல் ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி வந்தார். அவர் காலத்தில் அகில இந்தியக் கைத்தறி போர்டு அமைந்தது. 1953-இல் மில் துணிக்குக் கூடுதல் கலால் வரி விதித்து, கதரையும் கைத்தறியையும் ஆதரிக்கச் சட்டம் பிறந்தது. ஆலைச் சங்கையும் தறியோசையையும் ஒருங்கே கேட்ட மதுரைக்கு அதன் நியாயம் விளங்கும். வலியவனிடம் பெற்று எளியவனைத் தாங்குவதும் வர்த்தக மந்திரியின் தர்மமே.

பின்னர் ஜவுளி இலாகா தனியே பிரிந்தது. 2020-இல் அந்தப் போர்டும் கலைக்கப்பட்டது. நெசவாளர் குறை சர்க்காரை எட்டுவதற்கிருந்த ஒரு வாசல் அடைபட்டது. ஆயினும் அந்நிய நாடுகளுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசும் பொறுப்பு இன்றும் வர்த்தக மந்திரியிடமே இருக்கிறது. நூலின் விலையும் துணியின் சந்தையும் அவ்வொப்பந்தங்களால் மாறக்கூடியவை.

2001-இல் தோஹா மகாநாட்டில் ஸ்ரீ முரசொலி மாறன் செல்வ நாடுகளின் நெருக்குதலுக்கு எளிதில் இணங்கவில்லை. வெளியே அந்த உறுதி வேண்டும். உள்ளே எளியவர் சொல்லுக்குச் செவி வேண்டும். மதுரை முதல் பரமக்குடி, அருப்புக்கோட்டை வரை தறியை நம்பி வாழ்வோரைக் கலந்து ஆலோசித்த பின்னரே எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டுமென மந்திரியை வற்புறுத்துகிறோம்.