மூடியைத் திருப்பி மூடிய பூனை



நறுவிலிக்குளத்தில் என் பெரியம்மாவின் குசினியில் ஒருமுறை இரண்டு துண்டு கட்டாக் கருவாடு களவு போனது. காலையில் சட்டியில் எட்டுத் துண்டு இருந்தது, மத்தியானம் ஆறுதான். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் பூனையைச் சொன்னோம். பெரியம்மா சட்டியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அடுப்புக்கட்டில் கிடந்த அகப்பையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். “எந்தப் பூனையடா திண்டுபோட்டு மூடியைத் திருப்பி மூடிவைக்கிறது?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தேங்காய் திருவப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு கட்டு ஆங்கில நாவல்களோடு இருந்தபோது அந்தச் சட்டி நினைவுக்கு வந்தது. சமையலும் கொலையும் சேர்ந்த கதைகள் அவை. துப்பறிபவர் பொலிஸ்காரர் அல்ல. கேக் கடைக்காரி, விருந்துச் சமையல்காரி, சாப்பாட்டுக்கடை நடத்தும் அத்தை. ஜோஆன் ஃப்ளூக் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய வரிசையில், மினசோட்டாவின் ஒரு கற்பனை ஊரில் பிஸ்கட் கடை வைத்திருக்கும் ஹன்னா, கொலையாளியையும் பிடிக்கிறாள், நடுநடுவே செய்முறையும் தருகிறாள். சிங்கப்பூரின் ஒவிடியா யூ படைத்த ஆன்ட்டி லீ ஒரு பெரனாகன் சமையல்காரி. ஊர்வம்பு கேட்பதில் அவருக்கு நிகர் எங்கள் பெரியம்மா மட்டுந்தான். நாவலுக்குள் சமையல் குறிப்பு வைப்பதும் புதிதல்ல, ரெக்ஸ் ஸ்டவுட் 1938இலேயே செய்துவிட்டார். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்று பெயர். நம் குசினிக்கும் அதற்கும் உறவில்லை. குசினி போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். ஆனாலும் காதுக்கு இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரிகள் போலத்தான் கேட்கின்றன.

நறுவிலிப் பழத்தை நசுக்கினால் விரலில் பசை ஒட்டிக்கொள்ளும், சின்ன வயதில் பட்டம் ஒட்டியிருக்கிறோம். இந்தப் புத்தகங்களும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன. இலக்கியம் என்று சொல்லமாட்டேன். சில கதைகளில் கொலையாளியை முப்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். பிறகும் ஏன் கீழே வைக்க முடியவில்லை?

ஒரு காரணம், குசினியில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. உப்புப்போத்தல் ஒரு சாண் நகர்ந்தாலும் அங்கே புழங்குகிறவளுக்குத் தெரியும். தடயம் தேட அவளுக்குப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. இன்னொன்று, நஞ்சு பற்றிய அறிவு. அகதா கிறிஸ்டி முதல் உலகப்போர்க் காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவர். 1953இல் வந்த ஒரு நாவலில் மாமலேட்டுக்குள் நஞ்சை வைத்தார். எங்கள் பெண்கள் மருந்தகம் போகாமலே இதெல்லாம் அறிந்தவர்கள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பை வடித்துத்தான் கூழுக்கு எடுப்பார்கள். மரவள்ளிக்கிழங்கு அவியும்போது சட்டியை மூடவிடமாட்டார்கள். அந்தக் கிழங்கிலிருந்து ஆவியாகப் போவது ஐதரசன் சயனைட்டு. கிறிஸ்டி 1945இல் ஒரு நாவலின் தலைப்பிலேயே ஏற்றிவைத்த அதே சயனைட்டு. நஞ்சுள்ள பேத்தை மீன் வலையில் ஏறினால் என்ன செய்வதென்று வங்காலைக் கரையில் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் இந்த வகை இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன், மரியாதைராமன் தடுத்துவிட்டான். நெய்க் கடன் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? பல மாடு வைத்திருப்பவள் ஒரே ஒரு மாடு வைத்திருப்பவளிடம் நெய் கடன் வாங்கிவிட்டு, ‘இவளிடம் போய் நான் வாங்குவேனா?’ என்கிறாள். சாட்சி இல்லை. இருவரையும் சேற்றில் நடக்கவைத்துக் கால் கழுவக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கிறான். ஒருத்தி சேற்றை வழித்துவிட்டுச் சொட்டு நீரில் கழுவி மிச்சமும் வைக்கிறாள். மற்றவள் முழுவதையும் ஊற்றித் தீர்த்தும் காலில் சேறு. வழக்கு முடிந்தது. ஒரு துளி இரத்தம் இல்லை.

பிறகு வந்த நம் துப்பறியும் கதைகள் குசினியைத் தேநீருக்கு மட்டுமே வைத்துக்கொண்டன. தமிழ்வாணனின் சங்கர்லால் எத்தனை கோப்பை குடித்திருப்பார்! அந்தத் தேநீரைப் போட்டவர் எதைக் கவனித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இது பெரிய குறை. தேவனின் சாம்பு சிரிக்கவைத்தார், ஆனால் அவருக்குத் துணை அதிர்ஷ்டம், அடுப்படி அல்ல.

இந்தக் கதைகளின் இதம் கேக்கின் வாசனையில்தான் இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். இல்லை. இவற்றில் ஒரு மனிதர் இறந்தால் ஊரே வேலையை விட்டுவிட்டு ஏன், யாரால் என்று கேட்கிறது. கடைசிப் பக்கத்துக்குள் பதிலும் கிடைக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்து ஆண்டுக்கணக்காக வீதியோரம் நிற்கும் தாய்மார் உள்ள மாவட்டத்திலிருந்து வாசிக்கிறவருக்கு, இது சின்ன விசயம் இல்லை.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. குசினியில் நடக்கும் ஒரு மர்மக் கதை எழுதி அனுப்புங்கள். புட்டுப்பானை, நீத்துப்பெட்டி, நண்டுக் குழம்பு, கலியாண வீட்டுப் பலகாரம், எது வேண்டுமானாலும் தடயமாகட்டும். இரத்தம் வேண்டாம். கதையில் வரும் சமையல் நீங்களே சமைத்துப் பார்த்ததாக இருக்கவேண்டும். எங்கள் அலுவலகத்தில் சோதித்துப் பார்ப்போம், அதற்குத் தயாராக இருவர் இப்போதே இருக்கிறார்கள்.

கருவாட்டு வழக்கை மறக்கவில்லை. பெரியம்மா அகப்பையை வைத்தால் பிடி வலப்பக்கம் இருக்கும். அன்று இடப்பக்கம் இருந்தது. அந்த வீட்டில் இடக்கைக்காரர் பெரியப்பா ஒருவர்தான், அவருக்கோ பிரசர், கருவாடு தொடக்கூடாது. பெரியம்மா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அன்றிரவு இரண்டு துண்டுக் கருவாட்டைத் தண்ணீரில் போட்டு, விடியுமுன் இரண்டு தரம் தண்ணீர் மாற்றி, உப்பிறக்கி, கத்தரிக்காயோடு தனிச்சட்டியில் வைத்தார். அந்தச் சட்டிக்கு மூடி போடவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்