பாண்டாவுக்கு மீண்டும் வேண்டும்

பசித்த பாண்டாவைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் படக்கதை எழுதுங்கள் என்று கேட்டால், நம் எழுத்தாளர்களில் பாதிப் பேருக்குக் கை முதலில் போவது வரியின் கடைசிக்குத்தான். தின்னுது, துள்ளுது, தூங்குது, ஏங்குது. ஓசை ஒத்துப்போகிறது, ஒரே மூச்சில் புத்தகம் முடிந்துவிடுகிறது. எங்கள் இதழின் மேசைக்கு வரும் கையெழுத்துப் படிகளில் இந்த ரகம்தான் அதிகம்.

இதில் என்ன கெடுதல்? ஆங்கிலப் பாட்டில் டீச்சர் வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்தினால் பிள்ளை அதை ஊகித்துவிடும். அந்த ஓசைக்குப் பொருந்தும் சொற்கள் அங்கே கொஞ்சம். விலங்குக்கு வரும் நம் நிகழ்கால வினைமுற்றுகளோ பேச்சுவழக்கில் எல்லாம் ஒரே விகுதியில் வந்து நிற்பவை. ‘-உது’ என்று முடியும் என்று தெரிந்து பிள்ளைக்கு என்ன லாபம்? எந்த வினையும் அங்கே உட்காரும். இலவசமாகக் கிடைக்கும் இந்த வரிக்கடைசி இயைபு துப்பு எதுவும் தருவதில்லை.

தமிழ்ச் செய்யுள் எதுகையையும் மோனையையும் அடியின் முதலில் வைத்தது. படிக்கத் தொடங்கும் பிள்ளையின் விரல் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வரியின் முதல் சொல்தான் மலை. அதை ஓசை தூக்கிவிட்டால் மீதி வரி தானாக நகரும்.

பசியை ஈரடியில் பாடுவதும் நமக்குப் புதிதில்லை. கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நூலில் பசித்த பேய்களுக்கென்றே தனிப் பகுதிகள் இருக்கின்றன. ‘பேய்களைப் பாடியது’ பகுதியில் அவற்றின் உருவம், ‘பேய் முறைப்பாடு’ பகுதியில் காளியிடம் பசிக்கிறது என்ற புலம்பல், கடைசியில் போர்க்களத்தில் கூழ் சமையல். பிள்ளைகளுக்கான சங்கதி இல்லைதான். ஆனால் கட்டுமானத்தைப் பாருங்கள்: இரண்டே அடித் தாழிசை, ஒரு தாழிசைக்கு ஒரு காட்சி. பக்கத்துக்கு ஈரடியும் ஒரு படமும் என்று இன்றைய படப்புத்தகக்காரர்கள் கேட்கும் அளவு அதுவேதான்.

இனி பாண்டா. எதுகைக்கு இதைவிட நல்ல விலங்கு கிடைப்பது அரிது. மீண்டும், வேண்டும், நீண்ட, தாண்டி, தோண்டி, கூண்டு, தூண்டில் என்று நெடிலும் ண்-ட கூட்டும் சேர்ந்த சொற்கள் வரிசையில் நிற்கின்றன. பசித்த விலங்கு சொல்ல வேண்டிய இரண்டு சொல் – மீண்டும், வேண்டும் – அதில் அடக்கம். எங்கள் மேசையில் கட்டிப் பார்த்தது இது:

பாண்டா பாண்டா, பசியா?
மீண்டும் மூங்கில் ருசியா?

கவிதை என்று இதற்கு யாரும் பரிசு தரமாட்டார்கள். முதலடியை ஒரு பக்கத்திலும் இரண்டாம் அடியை அடுத்த தாளிலும் வைத்துப் படியுங்கள். தாளைத் திருப்பும் முன்பே வகுப்பு ‘மீ…’ என்று தொடங்கிவிட்டால் பாட்டு வேலை செய்கிறது. கூடவே, மூன்று சுழி ண-வுக்குப் பின்னால் ட வரும் என்ற பாடமும் காது வழியாக ஏறிவிடுகிறது. எத்தனை சிவப்பு மைத் திருத்தம் மிச்சம்!

பாண்டாவின் பசியும் பாட்டுக்காகக் கட்டிய கதை இல்லை. கரடிக் குடும்பத்து விலங்கு, வயிறு இறைச்சி தின்னிகளின் வயிறு, தின்பதோ மூங்கில். அதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால் நாளுக்கு 12 முதல் 38 கிலோ வரை, பத்து மணி நேரத்துக்கு மேல் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு கட்டைவிரல்போல மூங்கிலைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. மேல்தோலைப் பல்லால் உரித்து எறிந்துவிட்டு உள்ளே கடிக்கும், பொங்கலுக்குக் கரும்பு கடிக்கும் நம் பிள்ளைகளைப்போல. 1970களில் சீனாவில் மூங்கில் பூத்து மடிந்தபோது பாண்டாக்கள் பட்டினியில் செத்தன. அதைப் பாட்டில் வைக்க வேண்டாம், ஆசிரியர் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

முந்திரிக் காட்டைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் ஜெயங்கொண்டத்துப் பிள்ளைக்குப் பாண்டா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூங்கில் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்: ஏணி, கூடை, பந்தல் கால். அதையா பாண்டா தின்னும் என்ற சிரிப்பிலிருந்து பாடம் தொடங்கும். அரசுப் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் கிச்சடி வயிற்றில் இருக்கும் நேரத்தில் படித்தால் இன்னும் நல்லது. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பசிப் பாட்டு வேடிக்கையாக இருக்காது.

தமிழகப் பள்ளிகளில் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், அதன்பின் வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ நூல்கள் ஆகியவற்றால் புத்தகம் இன்று வகுப்புக்குள் வந்துவிட்டது. அவற்றில் முதல் நிலையான நுழையில் ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தது’ என்று எழுதினால் அது பதின்மூன்று எழுத்து. ‘தின்றது’ நான்கு. இந்தக் கணக்கு ஓவியருக்குத் தெரியாது, எழுதுகிறவர்தான் போட வேண்டும்.

அடுத்த இதழுக்குப் படக்கதை அனுப்புவோர் ஒவ்வொரு ஈரடியிலும் தாள் எங்கே திரும்புகிறது என்று குறித்து அனுப்புங்கள். ‘-உது’வில் முடியும் அடிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் படி திரும்பி வரும்.